ஹாஜிராவுக்கு எழுதியது

இந்த இரண்டு மாதத்தில் ஏழு தலையணை ஆயிற்று. ஓசூரில் மகள் வீட்டில் இலவம்பஞ்சு. கிருஷ்ணகிரியில் பழைய சேலையைச் சுருட்டி உறை போட்டது. தொப்பூரில் மௌத்தான துக்க வீட்டில் தலையணையே கிடைக்கவில்லை, முழங்கையை மடக்கி வைத்துக்கொண்டேன். அதையும் ஒன்று என்றே வைத்துக்கொள்ளலாம். எதில் படுத்தாலும் தூக்கம் வந்துவிடுகிறது. புது இடம் என்று ஒரு ராத்திரியாவது புரண்டு படுத்திருந்தால், எனக்கென்று ஓர் இடம் இருப்பது எனக்கே தெரிந்திருக்கும்.

பஸ் ராயக்கோட்டையைத் தாண்டி மாரண்டஹள்ளிப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. ஷரீபுன்னிசா ஜன்னலோரம் உட்கார்ந்து, மடியில் பாதி பின்னிய வயர் கூடையோடு இப்படி நினைத்துக்கொண்டிருந்தாள். பச்சையும் வெள்ளையுமாகக் கட்டம் போட்ட கூடை. பஸ் ஆட்டத்தில் எழுத வராது, பின்ன வரும். நாற்பத்தாறு வயதில் அவள் கற்றுக்கொண்ட சில விஷயங்களில் இது ஒன்று.

தருமபுரி, பாப்பாரப்பட்டி, கிருஷ்ணகிரி, ஓசூர் என்று அவளுடைய சொந்தம் பஸ் போகிற வழியெல்லாம் இறங்கியிருந்தது. எந்த வீட்டில் வலி எடுத்தாலும், காய்ச்சல் வந்தாலும், பெண் பார்க்க ஆள் வந்தாலும், "ஷரீபாவுக்கு ஆள் அனுப்பு" என்பார்கள். அவளும் கூடையில் இரண்டு சேலையைத் திணித்துக்கொண்டு கிளம்பிவிடுவாள். அந்த வழியில் ஓடுகிற கண்டக்டர்கள் அவளிடம் ஊர் கேட்பதில்லை. "இன்னைக்கு என்னங்கம்மா, பொறப்பா எறப்பா?" என்றுதான் கேட்பார்கள்.

இந்த முறை பிறப்பு. ஓசூரில் மகள் ஹாஜிராவுக்கு இரண்டாவது பிரசவம். வலி எடுத்த அதே ஞாயிற்றுக்கிழமை, பாப்பாரப்பட்டியில் தம்பி பக்ருதீன் மகள் ஷகிலாவுக்கு நிக்காஹ். ஷரீபுன்னிசாவால் போக முடியவில்லை. கல்யாணத்துக்கு வராத அத்தை என்று பேர் வரக்கூடாதே என்று, இருபது நாள் கழித்து, ஊர் திரும்புகிற வழியில் மாரண்டஹள்ளியில் இறங்கி ஷகிலாவைப் புகுந்த வீட்டில் பார்த்துவிட்டுப் போகலாம் என்று கிளம்பியிருந்தாள்.

கல்யாணத்துக்கு அவள் போகாததில் இன்னொன்றும் இருந்தது. அது வெளியாட்களுக்குத் தெரியாது. இந்த முறை வாழ்த்து மடலும் இருக்காது என்று அவள் நினைத்திருந்தாள்.

அந்தக் காலத்தில் கல்யாணம் என்றால் வாழ்த்து மடல் இல்லாமல் இருக்காது. ரோஸ் தாளிலோ மஞ்சள் தாளிலோ, சுற்றிலும் பூக்கரை போட்டு, மணமக்கள் பேரைப் பெரிதாக அச்சடித்து, கீழே பாட்டு. பந்தலில் மைக் பிடித்து ஒருவர் படிப்பார். பிறகு எல்லார் கையிலும் ஒன்று கொடுப்பார்கள். ஷரீபுன்னிசாவின் கணவர் அப்துல் சுபான் தருமபுரியில் புளி மண்டி வைத்திருந்தார். அறுபத்தொன்றில், மண்டிக்குப் புளி கொண்டுவரும் மாரியப்பக் கவுண்டர் மகன் கல்யாணத்துக்கு ஒரு மடல் போட ஆசைப்பட்டார்; எழுதித் தருவதாகச் சொன்ன வாத்தியார் கடைசி நாளில் கை விரித்துவிட்டார். எட்டாவது வரை படித்த ஷரீபுன்னிசா, அரிசி களைந்துவிட்டு வந்து, ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு பதினாறு வரி எழுதிக் கொடுத்தாள். கீழே 'இங்ஙனம், அன்பன் அப்துல் சுபான்' என்று அச்சாயிற்று. அவருக்கு நல்ல குரல். அன்றைக்கு மாரியப்பக் கவுண்டர் அவரைக் கட்டிப் பிடித்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு பன்னிரண்டு வருஷம். எத்தனை மடல் என்று அவள் எண்ணவில்லை. தருமபுரியில் அவரைப் 'பாவலரே' என்று கூப்பிடத் தொடங்கிவிட்டார்கள். பெண்கள் பக்கத்தில் திரைக்குப் பின்னால் உட்கார்ந்து, தன் சொற்கள் புனல் ஒலிபெருக்கி வழியாகக் கணவர் குரலில் வருவதை அவள் கேட்பாள். அந்த நேரத்தில் அவளுக்கு ஒரு விநோதமான நிம்மதி இருக்கும். யாரும் அவளைப் பார்க்க மாட்டார்கள்; கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

எல்லா மடலும் ஒன்றுபோலத்தான். வாழ்க, வளர்க, பல்லாண்டு. ஒன்றில்தான் உண்மையை எழுதினாள். அது அறுபத்தொன்பதில், ஹாஜிரா கல்யாணத்துக்கு.

ஹாஜிரா பிறவியிலேயே இடக்கைக்காரி. சோறு வலக்கையால் தின்னப் பழகிவிட்டாள். எழுதுவது மட்டும் இடக்கை. சின்ன வயதில் ஷரீபுன்னிசாவின் மாமியார் அந்தக் கையில் துணி சுற்றிக் கட்டி வைத்தாள். குழந்தை பல்லால் அவிழ்த்தது. மறுபடி கட்டினாள். ஷரீபுன்னிசா ஒருநாள் தானே அவிழ்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் மாமியாருக்குச் சோறு போட்டாள். மூன்று மாதம் அந்த வீட்டில் மாமியார் அவளோடு பேசவில்லை. ஓசூர் சம்பந்திகளுக்கு எல்லாம் சொல்லித்தான் பெண் கொடுத்தது. மடலில் அவள் எழுதினாள்:

இடக்கை எடுத்தே எழுதிடுவாள் – அந்த
எழுத்தில் கோணல் இருந்ததில்லை.

படித்தபோது ஓசூர்க்காரர்கள் சிரித்துக் கைதட்டினார்கள். திரைக்குப் பின்னால் ஹாஜிரா தாயின் கையைப் பிடித்துக்கொண்டாள், அதுவும் இடக்கையால்.

ஷகிலா கல்யாணத்துக்கு முன்னால், "இந்த வாட்டி என்னால ஆவாதுங்க, புள்ளை நேரம் நெருங்கிடுச்சு" என்று கணவரிடம் சொல்லிவிட்டுத்தான் ஓசூருக்குப் போனாள். "பரவால்ல, போ" என்றார் அவரும்.

மாரண்டஹள்ளியில் ஷகிலாவின் மாமனார் நூர் பாஷாவின் வீடு சந்தைக்குப் பின்னால் இருந்தது. காய்கறி மண்டிக்காரர், தக்காளிக் கூடைகள் வாசல் வரை அடுக்கியிருந்தன. அவர் பாலக்கோட்டுக்குப் போயிருந்தார். மாப்பிள்ளையும் கூடப் போயிருந்தான். சம்பந்தியம்மாள் வந்து கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனாள். பேச்சு இனிப்பாகத்தான் இருந்தது.

"வாங்க வாங்க. கல்யாணத்துக்கு வராத அத்தை கால்ல இப்பத்தான் செருப்பு கெடைச்சுதா?"

"புள்ளை பொறந்துடுச்சுங்க அன்னைக்கே."

"என்ன புள்ளை?"

"ஆம்பளைப் புள்ளை."

"அப்ப மன்னிச்சுட்டோம் போங்க."

ஷகிலா சோறு போட வந்தாள். இருபது நாளில் முகம் சிறுத்துப் போயிருந்தது. வலக்கையால் தட்டை வைத்தாள், வலக்கையால் தண்ணீர் வைத்தாள், அதே கையால் சோற்றுப் பானையைத் தள்ளிக்கொண்டு வந்தாள். இடக்கை முந்தானைக்குள் இடுப்போடு ஒட்டிக் கிடந்தது. நெற்றியில் வியர்வை வழிந்தபோதும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு வலக்கையால்தான் துடைத்தாள்.

"கையில என்னடி, அடி கிடி பட்டுச்சா?" என்றாள் ஷரீபுன்னிசா.

ஷகிலா மாமியாரைப் பார்த்தாள்.

"அடி இல்லீங்க, அடக்கம்" என்றாள் சம்பந்தியம்மாள். "எங்க வூட்ல எடத்து கையால போட்ட சோத்துல பரக்கத் இருக்காது, வூடு வெளங்காதும்பாங்க. அதான் பழக்கிக்கிட்டு இருக்கறோம்."

"இவளுக்கு எதுக்குப் பழக்கணும்? இவ வலத்து கைதானே."

"அட, நீங்களே இப்படிச் சொன்னா எப்படி? முந்நூறு பேரு கேக்க மைக்குல சொன்னது உங்க வூட்டுக்காரருதானே!" அவள் சுவரைக் காட்டினாள். "அதோ தொங்குது பாருங்க. எம் பையன் ஆசையாக் கண்ணாடி போட்டு மாட்டினான். அப்புறம் அவன் தங்கச்சிதான் எழுத்துக் கூட்டிப் படிச்சுச் சொன்னா. மாட்டின வூட்டுக்கு மானம் போச்சு."

ஷரீபுன்னிசா கையைக் கழுவிக்கொண்டு எழுந்து போய்ப் பார்த்தாள்.

ரோஸ் தாள். அதே பூக்கரை. 'ழ' எழுத்தின் கால் உடைந்திருந்தது, அதுவும் அதே. தீர்த்தகிரி அச்சகத்தில் கோத்த எழுத்தைப் பிரிக்காமல் சணல் போட்டுக் கட்டி அலமாரியில் வைத்திருப்பார்கள். "என்னைக்காவது வேணும்னு வருவாங்க, பேரை மட்டும் மாத்திக்கலாம்" என்பார் தீர்த்தகிரி. பேரை மட்டும் மாற்றியிருந்தார்கள். ஹாஜிரா இருந்த இடத்தில் ஷகிலா. ஓசூர் இருந்த இடத்தில் மாரண்டஹள்ளி. இடக்கை இருந்த இடத்தில் இடக்கை.

தனக்குக் கோபம் வருகிறதா என்று அவள் பார்த்தாள். வரவில்லை. யாரோ ஒருத்தியின் பெட்டியைத் திறந்து யாரோ ஒருவர் துணி எடுத்துக்கொண்டது போல, தள்ளி நின்று பார்ப்பதாக இருந்தது. பெட்டி தன்னுடையது என்பது கொஞ்சம் பொறுத்துத்தான் உறைத்தது.

பின்னால் சம்பந்தியம்மாள் பேசிக்கொண்டே இருந்தாள். "நீ இடக்கையான்னு கேட்டா, இல்லைங்கறா. அப்ப உங்க மாமா பொய் சொன்னாரான்னு கேட்டா, வாயைத் தொறக்க மாட்டேங்கறா. எழுதிக் காட்டுன்னா வலத்து கையால எழுதறா. அதுதான் பழக்கி அனுப்பியிருக்கீங்களேன்னு எங்க வூட்டுக்காரரு சொல்றாரு. வெள்ளிக்கிழமை விருந்துக்கு உங்க ஆளுங்க எல்லாரும் வர்றாங்க இல்ல, ஜமாஅத் பெரியவங்களை வெச்சுக்கிட்டே கேக்கப் போறாரு, மறைச்சது ஏன்னு."

ஷகிலா சோற்றுப் பானைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். மாமா பொய் சொன்னார் என்று சொல்ல அவளுக்கு வாய் வராது. சொன்னால் அது புகுந்த வீட்டில் பிறந்த வீட்டைக் காட்டிக்கொடுப்பது. சொல்லாவிட்டால் அவள் கை அவளுடையதில்லை. இருபது நாளாக இந்தப் பெண் இதற்கு நடுவில் நின்றிருக்கிறாள்.

"இது இவளுக்கு எழுதினது இல்லீங்க" என்றாள் ஷரீபுன்னிசா. "எம் மக ஹாஜிராவுக்கு எழுதினது. பேரை மாத்தி அடிச்சிருக்காங்க."

"அதெப்படி மாறும்? உங்க வூட்டுக்காரரு தன் மகளுக்கு எழுதினதைத் தூக்கி மச்சினன் மகளுக்கு..."

"அவரு எழுதலீங்க. நான் எழுதினேன்."

சம்பந்தியம்மாள் வெற்றிலையை மெல்லுவதை நிறுத்தினாள். "பாவலருன்னு சொல்றாங்க?"

"படிக்கறது அவரு."

"யாரும்மா நம்புவா இதை" என்றாள் சம்பந்தியம்மாள். ஆனால் குரலில் சண்டை குறைந்து ஆசை வந்திருந்தது. ஒரு புதுச் சங்கதி கிடைத்த ஆசை. கடைசி மகளைக் கூப்பிட்டாள். "ஏய், அதுல கையை வெச்சுக்கிட்டே வா. இவங்க பாக்காம சொல்லட்டும்."

அந்தப் பெண் கண்ணாடி மேல் விரலை வைத்துக்கொண்டு நின்றாள். ஷரீபுன்னிசா சுவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து சொன்னாள். ஹாஜிரா என்றே சொன்னாள். இடக்கை வரிக்கு வந்தாள். நிற்காமல் மேலே போனாள்.

கட்டிய துணியை அவிழ்த்துவிட்டாள் – பின்
கட்டினவர்க்கும் சோறிட்டாள்.

"இது இதுல இல்லைம்மா" என்றது அந்தப் பெண், விரல் தடுமாறி.

"இருக்காது. அதை மட்டும் வேண்டாம்னு அவரு எடுத்துட்டாரு. அவங்க அம்மா அப்ப உசுரோட இருந்தாங்க."

சம்பந்தியம்மாள் சுவரிலிருந்த மடலை ஒருமுறை ஏறிட்டுப் பார்த்தாள். அவளுக்கும் ஒரு மாமியார் இருந்திருப்பாள். பிறகு திடீரென்று சிரித்தாள். "அப்ப அன்னைக்கு அவ்வளவு நேரம் மைக்குல கத்துனது உங்க பேச்சா! நான் வேற, என்ன கணீர்னு பேசறாரு மனுசன்னு பெருமைப்பட்டேனே!" திரும்பி ஷகிலாவைப் பார்த்து, "எதுக்குடி இன்னும் அந்தக் கையை ஒளிச்சு வெச்சிருக்கறே? ரெண்டு கையாலயும் பானையைப் புடி, கொட்டிடப் போவுது" என்றாள்.

ஷகிலா இடக்கையை வெளியே எடுத்தாள். அதை என்ன செய்வதென்று தெரியாதவள்போல ஒரு நொடி பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாலை பஸ்ஸில் ஷரீபுன்னிசா கூடை பின்னவில்லை. பாலக்கோடு வரை எதையும் நினைக்காமல் இருந்தாள். அதன் பிறகு, தனக்கு என்ன வேண்டியிருந்தது என்று யோசித்தாள். பேர் வேண்டியிருந்ததா? இல்லை. தாளின் அடியில் ஷரீபுன்னிசா என்று அச்சாகியிருந்தால், நாலு பேர் வந்து பேசியிருப்பார்கள், நாலு பேர் பேசாமல் போயிருப்பார்கள். இரண்டுக்கும் அவளிடம் நேரம் இல்லை. பேர் இல்லாததால்தான் மனதில் இருந்ததை ஒரு முறையாவது எழுத முடிந்தது. கணவர் எடுத்துக்கொண்டது பேரை அல்ல. அவள் தன் மகளைப் பார்த்துச் சொன்ன ஒன்றை, யாருக்கு வேண்டுமானாலும் சொல்லலாம் என்று ஆக்கியதுதான். பன்னிரண்டு வருஷம் பக்கத்தில் உட்கார்ந்து படித்தவருக்கு எந்த வரி பொது, எந்த வரி பொது இல்லை என்று தெரியவில்லை. அல்லது தெரிந்துகொள்ள அவருக்குத் தேவை வரவில்லை. இதில் எது அதிகம் வருத்தம் என்று அவளால் தீர்மானிக்க முடியவில்லை.

வீட்டுக்கு வந்தபோது விளக்கு வைத்திருந்தார்கள். அப்துல் சுபான் மண்டியை நேரத்தோடு பூட்டிவிட்டு வந்திருந்தார். பாப்பாரப்பட்டியிலிருந்து பக்ருதீனும் வந்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். அவளுக்கு முன்னால் செய்தி வந்துவிட்டது. நூர் பாஷா பாலக்கோட்டிலிருந்து வீட்டுக்கு வந்து சங்கதியைக் கேட்டுவிட்டு, மறுபடி வெளியே போய் அப்துல் சுபானின் மண்டிக்கு டெலிபோன் பண்ணியிருக்கிறார்.

"என்ன சொன்னாரு தெரியுமா?" என்றார் அப்துல் சுபான். "ஏனுங்க பாவலரே, எழுதறது வூட்டம்மாவாமேன்னு. அவ்வளவுதான். சிரிச்சுட்டு வெச்சுட்டாரு."

"ஷகிலாவைப் பத்தி?"

"அதெல்லாம் தீந்துதுக்கா" என்றான் பக்ருதீன். "அதுக்கு முந்தியே அவரே சொல்லிட்டாராம், புள்ளையைச் சும்மா கஷ்டப்படுத்திட்டோம்னு. நீ போனது நல்லதாப் போச்சு." மச்சான் பக்கம் திரும்பாமலே சொன்னான், "இருபது நாளு எம் பொண்ணு அங்க கையைக் கட்டிக்கிட்டு நின்னிருக்கறா. பேரை மாத்தறவரு ஒரு தடவை படிச்சுப் பாத்திருக்கலாம்."

"படிச்சேன்டா. மனசுல வேற எதுவும் வரலை" என்றார் அப்துல் சுபான். "பந்தல்ல எழுந்து நில்லுங்க பாவலரேன்னு கூப்பிடுவாங்க. வெறுங்கையோட எப்படி நிக்கறது? இவ ஓசூர்ல இருக்கறா. தீர்த்தகிரி, கட்டி வெச்சது இருக்குதுங்க, அரை நாள்ல முடிச்சுடலாம்னாரு. நல்ல பாட்டாச்சே, அதான் எடுத்தேன். இருக்கறதுல நல்லது அதுதானே?"

கடைசிக் கேள்வியை அவளைப் பார்த்துக் கேட்டார். மெய்யாகவே கேட்டார். அவள் கூடையை மூலையில் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"இப்ப விசயம் என்னன்னா" என்று பக்ருதீன் குரலைத் தணித்தான். "வெள்ளிக்கிழமை விருந்துக்கு மண்டிக்காரங்க நாப்பது அம்பது பேரு வருவாங்க. மச்சான் அங்க தலை குனிஞ்சு உக்காந்தா நம்ம எல்லாருக்கும்தான் குனிவு. அதனால ஒரு வழி யோசிச்சோம்."

"சொல்லு."

அப்துல் சுபான்தான் சொன்னார். புதிதாக ஒரு மடல். இடக்கை என்றால் கை அல்ல என்று அதில் வரவேண்டும். இடப்பக்கம்தானே நெஞ்சு இருக்கிறது? நெஞ்சு இருக்கிற பக்கத்துக் கையால் எழுதுகிறவள் என்றால் அன்பால் எழுதுகிறவள் என்று பொருள். அவர் எழுதியதை ஊர் தப்பாக எடுத்துக்கொண்டது, அவ்வளவுதான். மத்தியானம் அவள் மாரண்டஹள்ளியில் சொன்னதற்கு, பிரசவ வீட்டில் ஒரு மாதம் தூக்கம் இல்லாமல் குழம்பிச் சொல்லிவிட்டாள் என்று அவர் சொல்லிக்கொள்வார். அவள் மறுக்காமல் இருந்தால் போதும்.

"இன்னைக்கே எழுதிட்டா நாளைக்கு அச்சுக்குக் குடுத்துடலாம்" என்றார். தாளும் பேனாவும் முன்னாலேயே எடுத்து வைத்திருந்தார். "பன்னண்டு வரி போதும் ஷரீபா. உனக்கு ஒரு மணி நேர வேலை."

ஒரு மணி நேரம்கூட வேண்டாம். அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே முதல் நாலு வரி அவளுக்குள் வந்துவிட்டது. நெஞ்சுப் பக்கம், நெறி, நேசம். எதுகை தானாக அமர்ந்தது. பன்னிரண்டு வருஷத்துப் பழக்கம், கேட்டவுடனே வேலைக்கு வந்து நிற்கிறது. வந்த வரிகளை அவள் பார்த்தாள். ஒன்றும் செய்யாமல் விட்டாள். அவை கொஞ்ச நேரம் இருந்துவிட்டுப் போய்விட்டன.

"நெஞ்சு இருக்கற பக்கம்ங்கறது நல்லாத்தான் இருக்குதுங்க" என்றாள். "நீங்களாச் சொன்னது. அதை நீங்களே எழுந்து நின்னு சொல்லலாம்."

"எனக்கு அப்படியெல்லாம் கோக்க வருமா?"

"தெரியலீங்க."

"அக்கா, ஷகிலாவுக்காகவாவது..." என்று ஆரம்பித்தான் பக்ருதீன்.

"ஷகிலாவுக்குச் சொல்ல வேண்டியதை நான் அங்கயே சொல்லிட்டு வந்துட்டேன், பக்ரு. அவளுக்கு இதுல ஒண்ணும் பாக்கி இல்லை. இப்ப கேக்கறது அவளுக்கு இல்லை."

அப்துல் சுபான் தாளை அவள் பக்கம் ஒரு விரல்கடை தள்ளினார். கோபமாகத் தள்ளவில்லை. ஒவ்வொரு முறையும் தள்ளுவதுபோலத்தான் தள்ளினார்.

"கோவமா?" என்று கேட்டார்.

அவள் மறுபடியும் உள்ளே பார்த்தாள். "இல்லீங்க."

"பின்ன எழுதேன்."

அவள் தாளைத் திருப்பி அவர் பக்கமே வைத்தாள்.

"எழுதலீங்க" என்றாள்.